இடது பக்கத்து லீவர்

தம்பி,

இன்று காலை கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் கொடும்பாளூரிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு சிமெண்டுச் சாக்கைக் கவுண்டர்மேல் வைத்து வாயைப் பிரித்தார். உள்ளே கருகிப்போன கிளட்ச் பிளேட். டிராக்டருடையது. உன் வண்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் தீய்ந்த லைனிங்கும் எண்ணெயும் சேர்ந்த வாடை எந்த வண்டியிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். அடிப்பிடித்த பருப்புச் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றியதுபோல. மின்விசிறியைப் போட்டேன். அதற்குள் வாடை பின்னறைக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நீ படுத்துக்கிடந்த பெஞ்சில் இப்போது ஆயில் டின்களை அடுக்கியிருக்கிறேன். வேறு இடம் இல்லை.

மதியத்தில் திருக்கோகர்ணம் கடைத்தெரு அடங்கிவிடும். டவுன் பஸ் போகிற சத்தம் மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் இதை எழுதுகிறேன்.

நீ வெளிநாட்டில் வண்டி ஓட்டும் வேலையை விட்டுவிட்டு ஸ்டெல்லாவிடமும் மகளிடமும் திரும்பியபோது, வீட்டுக்கு மாடி எடுப்பாய், இல்லையென்றால் கார் வாங்கி வாடகைக்கு விடுவாய் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நீயோ விராலிமலைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு கல்குவாரியிலிருந்து மண் தள்ளும் பழைய செயின் டோசர் ஒன்றை வாங்கி, டிரெய்லரில் ஏற்றி, குளத்தூர்ப் பக்கம் நம் ஊருக்குக் கொண்டுவந்து இறக்கினாய். இஞ்சின் மூடிக்குள் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. செயின் துருப்பிடித்து இறுகி, இறக்கும்போது உருளாமல் இழுபட்டு வந்தது. ஊரே கூடி நின்று பார்த்தது.

"ஜேசிபி இருக்குற காலத்துல எதுக்குப்பா இது?" என்று பெரியப்பா கேட்டார்.

"ஜேசிபிக்கு டயரு இருக்கு பெரியப்பா. இதுக்கு இல்ல" என்றாய்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அப்பாவின் மேட்டுக்காடு முழுவதும் சீமைக்கருவை. அப்பா வெள்ளாமையை நிறுத்திய பிறகு அது தானாக வந்து குடியேறிவிட்டது. முந்தின வருடம் நான்தான் ஒரு ஜேசிபியை வரச் சொல்லியிருந்தேன். கருவை முள் டயரைக் குத்தி, பாதி நாள் பஞ்சர் ஒட்டுவதிலேயே போயிற்று. பிடுங்கிய இடமெல்லாம் பள்ளம். மழைக்கு மறுபடி வேரிலிருந்து தளிர்த்துக்கொண்டு நின்றது. இரும்புச் செயினை முள் ஒன்றும் செய்யாது.

உன் அத்தான் இறந்தபின் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை நான் நடத்திக்கொண்டிருந்தேன். அதனால் நீ நேராக என்னிடம் வந்தாய். உன் வண்டிக்கான பாகம் எதுவும் என் கடையில் இல்லை. இந்த மாவட்டத்திலேயே எவரிடமும் இல்லை. "இல்லாட்டி என்னக்கா? இருக்குறத வச்சு செய்வோம்" என்று சொல்லிவிட்டு, அலமாரி அலமாரியாகத் துழாவினாய். ஆயில் சீல்களை விரலில் மாட்டி அளவு பார்த்தாய். லாரிக்கு வரும் ஒரு சீல் பொருந்தியது. கீரனூர்ப் பட்டறைக்காரர் ராஜேந்திரன் மிச்சத்தைக் கடைசல் பிடித்துக் கொடுத்தார். செயினின் பின்கள் எல்லாம் ஒரு பக்கமே தேய்ந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்து, தேயாத பக்கம் சுமை விழுகிறமாதிரி திருப்பிப் போட்டீர்கள். அந்த வேலை ஒரு கோடை முழுக்க நடந்தது. நான் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும்போதெல்லாம் செயின் களத்தில் நீளமாகக் கிடக்கும். நீ அதன் நடுவில் உட்கார்ந்திருப்பாய்.

வண்டி கிளம்பிய பிறகுதான் அது காட்டுவேலைக்கு ஆகாது என்று தெரிந்தது. முன்னாலிருந்த பிளேடு கருவையைச் சாய்த்தது, ஆனால் மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு போயிற்று. வழித்த இடத்தில் அடியிலிருந்த செம்புராங்கல் பாறை பல்லிளித்தது. நீ அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டாய். பிளேடைக் கழற்றிப் போட்டு, தடித்த இரும்புத் தகட்டில் பல் பல்லாக வெட்டி, பெரிய சீப்புபோல ஒன்றை முன்னால் மாட்டினாய். அது வேரைப் பிடித்துக்கொள்ளும், மண் பல்லிடுக்கில் உதிர்ந்து அங்கேயே தங்கிவிடும். பின்னால் ஒற்றைக் கொழு ஒன்றைப் பொருத்தினாய், அடியிலிருக்கும் கல்படுகையைக் கீறுவதற்கு. கீறினால்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும் என்றாய்.

அப்போது நீ மெதுவாகத்தான் ஓட்டினாய். ஏன் என்று கேட்டதற்கு, "செயின் வண்டி அவசரப்படாதுக்கா. நம்ம அவசரப்படுத்துனா செயினக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்துக்கும்" என்றாய்.

காட்டில் பாதிகூட முடியவில்லை. உன் கால் வீங்கத் தொடங்கியது. உட்கார்ந்தே வேலை செய்வதால் என்று நினைத்தோம். பிறகு முகம் வீங்கியது. ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்றார்கள். வெளிநாட்டு வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓட்டியதா, கவனிக்காத ரத்த அழுத்தமா என்று டாக்டர் பல காரணம் சொன்னார். எதுவாக இருந்தால் என்ன என்று நீ கேட்டாய்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். காலை பஸ்ஸில் வருவாய்; முடிந்ததும் ஆட்டோ பிடித்து என் கடைக்கு வந்து பின்னறைப் பெஞ்சில் சுருண்டு படுப்பாய். சாயங்காலம் ஸ்டெல்லா வந்து கூட்டிப்போவாள். ஊசி குத்துவதற்காக உன் இடது கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஒருநாள் என் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தாய். தோலுக்கடியில் என்னமோ விர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது.

"இஞ்சின் ஐடில்ல ஓடுற மாதிரி இருக்குல்லக்கா?" என்றாய். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கையால் பாரம் தூக்கவே கூடாது என்று நர்சு கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். உன் வண்டிக்கோ ஸ்டியரிங் கிடையாது. இரண்டு லீவர்கள். இடப்பக்கம் திரும்ப இடது லீவரை இழுக்கவேண்டும், வலப்பக்கம் திரும்ப வலது லீவரை. இரண்டும் கிணற்றில் நிறைகுடம் இழுக்கிற கனம். அதுவும் இடது லீவர் இன்னும் மோசம்.

"தூக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. இழுக்கக் கூடாதுன்னு சொல்லல" என்றாய். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நீ ஏற்கெனவே ஓட்டத் தொடங்கிவிட்டாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இடது லீவரை வலது கையால் உடம்பைத் திருப்பி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

டிராக்டர் பவர் ஸ்டியரிங் பம்பை இஞ்சினோடு பெல்ட் போட்டு ஓட்டி, லீவருக்கு எண்ணெய்ப் பலம் கொடுத்தால் என்ன என்று யோசனை சொன்னது நான்தான். நீ எழுந்து உட்கார்ந்துவிட்டாய். அன்றைக்கு டீ கேட்டாய், பாதி டம்ளர். உனக்கு அளந்துதான் தண்ணீர்.

இது ஸ்டெல்லாவுக்கு எப்படியோ தெரிந்துபோயிற்று. மறுநாள் தனியாகக் கடைக்கு வந்தாள். நாற்காலியைப் போட்டேன், உட்காரவில்லை. கவுண்டரில் ஒரு வாடிக்கையாளர் நின்றார். அவர் போகும்வரை காத்திருந்தாள்.

"நீங்க அவருக்கு அக்காவா, அந்த இரும்புக்கு அக்காவா?" என்று கேட்டாள்.

"ஏம்மா?"

"மெஷினச் சரி பண்ணிக் குடுத்து அவர அது மேலயே சாக விடப்போறீங்க அண்ணி."

"நான் செஞ்சு குடுக்கலன்னா இப்ப இருக்குற மாதிரியே ஓட்டுவான். அந்தக் கை போயிரும்."

"ஓட்டாதன்னு சொல்லுங்க."

"நீ சொன்னியா?"

"சொன்னேன்."

"கேட்டானா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. நான் செய்தது தவறு என்றும் தோன்றவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன்.

முதல் தடவை கெட்டுப்போயிற்று. லீவரைத் தொட்டதும் எண்ணெய் முழு வேகத்தில் பாய்ந்து லீவரை ஒரேயடியாக இழுத்துவிட்டது. வண்டி நின்ற இடத்திலேயே சுழன்று, முன்னாலிருந்த சீப்பு மோட்டார் ரூம் மூலையை இடித்துத் தள்ளியது. நீ இஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாய். ஸ்டெல்லா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். பட்டறைக்காரர் ராஜேந்திரன் உதிர்ந்த செங்கல்லை எடுத்து ஓரமாக அடுக்கினார்.

கை எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு மட்டும் எண்ணெய் தள்ளவேண்டும். கை நின்றால் அதுவும் நிற்கவேண்டும். அதற்கு என்ன செய்வது என்று சில வாரம் யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு கடைப் பரணில் வேறு எதையோ தேடும்போது, உன் அத்தான் வாங்கிப் போட்டு விலைபோகாமல் கிடந்த பழைய டிராக்டர் ஸ்டியரிங் சிலிண்டர்கள் இரண்டு கையில் பட்டன. அந்தக் காலத்து அமைப்பு. வால்வு சிலிண்டரோடு சேர்ந்தே இருக்கும். கையோடு கூடவே போகும், கையோடு நிற்கும். யாரும் வாங்காத சரக்கு. தூசி தட்டி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

அது பொருந்தியது. ராஜேந்திரன் இரண்டு பிராக்கெட் அடித்துக் கொடுத்தார். நீ ஏறி உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால் இடது லீவரை இழுத்தாய். வண்டி மெல்ல இடப்பக்கம் திரும்பியது. விரலை எடுத்தாய். நேராகப் போயிற்று.

"ஒரு வெரலுக்கா!" என்று கத்தினாய். இறங்கி வந்து, "இனிமே யாரு சொன்னாலும் கேக்கும்போல இது" என்றாய்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை உன் பக்கத்துக் காட்டுக்காரர் போன் செய்தார். "ஒங்க தம்பி ஆஸ்பத்திரி போய்ட்டு வந்த மறுநாளே வண்டி ஓட்டுறாப்ல. கொஞ்சம் சொல்லி வைங்க" என்றார். டயாலிசிஸ் முடிந்த மறுநாளும் உனக்குத் தலை நிற்காது என்று எனக்குத் தெரியும். கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். குளத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்து வருகிற வழியெல்லாம் உன்னை என்னென்ன சொல்லவேண்டும் என்று அடுக்கிக்கொண்டே வந்தேன்.

ரோட்டிலிருந்தே செம்மண் புழுதி தெரிந்தது. புழுதிக்குள் வண்டி. வண்டியின் மேல் உன் ஆரஞ்சுச் சட்டை, நீ வெளிநாட்டு வேலைக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. வரப்பில் நின்று, "டேய், இறங்குடா!" என்று கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. இன்னும் கிட்டே போனேன்.

"என்னக்கா, இங்கிட்டு இருக்கேன்" என்று பின்னாலிருந்து உன் குரல் கேட்டது.

வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நீ உட்கார்ந்திருந்தாய். மடியில் ஈரத்துண்டு. வலது கையைத் தூக்கினாய். வண்டியின் சீப்பு உயர்ந்தது. கையைத் தாழ்த்தினாய், இறங்கியது. உள்ளங்கையைக் காட்டினாய், வண்டி நின்றது. ஆரஞ்சுச் சட்டைக்காரி துண்டை அவிழ்த்துவிட்டு இறங்கி வந்தாள். ஸ்டெல்லா.

எனக்கு அடுக்கி வைத்தது எல்லாம் மறந்துபோயிற்று. "எப்பருந்துடா இது?" என்று மட்டும் கேட்டேன்.

"அவளக் கேளு" என்றாய்.

"திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க அண்ணி" என்றாள் ஸ்டெல்லா. முகமெல்லாம் செம்மண். "அவரு ஓட்டாம இருக்க மாட்டாரு. சொல்லிப் பாத்தாச்சு, சண்ட போட்டாச்சு, சாவிய ஒளிச்சும் பாத்தாச்சு. நான் ஓட்டுனா அவரு உக்காந்தாவது இருப்பாருல்ல?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "லீவரு லேசாத்தான இருக்கு. நீங்கதான செஞ்சு குடுத்தீங்க" என்றாள்.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ வாய்க்குள் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினாய். விழுங்கவில்லை, அளவு தாண்டிவிடும். பிறகு கையைத் தூக்கினாய். அவள் மறுபடி ஏறினாள்.

அதன்பின் அப்படித்தான் நடந்தது. உனக்குத் தெம்பிருந்த நாளில் நீ ஓட்டினாய், இல்லாத நாளில் அவள். இருவர் ஓட்டிய இடமும் தனித்தனியாகத் தெரியும். நீ கல் தட்டுப்பட்டால் முட்டிப் பார்ப்பாய். அவள் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, கடப்பாரையால் குத்தி, கல் எவ்வளவு ஆழம் என்று பார்த்த பிறகுதான் ஏறுவாள். நீ அவளைக் கேலி செய்தாய். "இவ ஓட்டுனா கொழுவும் பல்லும் ஆயுசுக்கும் வரும்க்கா" என்று என்னிடம் தனியாகச் சொன்னாய்.

ஆடிக்குள் காடு முடிந்தது. பத்து ஆண்டுக்குமேல் முள்ளாகக் கிடந்த இடத்தில் கடலை விதைத்தீர்கள். மழையும் பெய்தது. கீறிய தடத்தில் தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்குவதைப் பார்க்க நீ குடை பிடித்துக்கொண்டு போய் நின்றதாக ஸ்டெல்லா சொன்னாள். கடலை பூவெடுத்ததைப் பார்த்தாய். பிடுங்கியதைப் பார்க்கவில்லை.

காய்ச்சல் என்றுதான் சேர்த்தோம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று திருச்சிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே கடைசியாக நாம் பேசியபோது நீ வண்டியைப் பற்றிக் கேட்பாய் என்று நினைத்தேன். செயின் தொய்ந்திருக்கிறதா, கிரீஸ் அடித்தார்களா, இப்படி ஏதாவது. நீ கேட்கவில்லை. "ஒரு செம்புத் தண்ணி குடிக்கணும்க்கா. அளவு பாக்காம" என்றாய். நர்சிடம் கேட்டேன். அவள் பஞ்சை நனைத்துக் கொடுத்தாள். அதை உன் உதட்டில் வைத்தேன். போதும் என்று தலையசைத்தாய்.

அடக்கம் நம் ஊர்க் கோயில் கல்லறைத் தோட்டத்தில். ஸ்டெல்லா அன்றைக்கு அழுதாள். அதற்குப் பிறகு யாரும் பார்க்க அழவில்லை. நாற்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியப்பா பேச்சை எடுத்தார். பழைய இரும்புக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்திருப்பதாகவும், வண்டியை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றும் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். உன் மகள் அம்மாவைப் பார்த்தாள். ஸ்டெல்லா இலையிலிருந்து நிமிரவில்லை.

"அண்ணி, டீசல் பில்டரு மாத்தணும். கடைல இருக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

பெரியப்பா மோர் கேட்டார்.

முதல் வெளிவேலைக்கு நானும் கூடப் போனேன். இரண்டு ஊர் தள்ளி ஒருவருடைய காடு, உன் காட்டைப்போலவே கருவை. டிரெய்லரிலிருந்து வண்டி இறங்கியதும் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஓட்டுறதுக்கு ஆளு பின்னாடி வாராரா?"

"நான்தான் ஆளு" என்றாள் ஸ்டெல்லா.

அவர் என்னைப் பார்த்தார். நான் கிரீஸ் கன்னைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு முன்னால் ஒரு சரிவில் திரும்பும்போது இடது பக்கச் செயின் கழன்றுவிட்டது. பாறாங்கல் ஒன்று இடுக்கில் புகுந்துவிட்டிருந்தது. நிலத்துக்காரர், "அதான் பாத்தேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் கேட்டது. ஸ்டெல்லா இறங்கி ஒருமுறை சுற்றி வந்தாள். முதலில் கல்லை எடுத்தாள். செயினை இறுக்கிப் பிடிக்கும் சிலிண்டரிலிருந்து கிரீஸைத் திறந்து விட்டாள். செயின் தளர்ந்தது. என்னிடம் ஒரு கடப்பாரை, அவரிடம் ஒரு கடப்பாரை கொடுத்தாள்.

"நான் பல்லுச் சக்கரத்தச் சுத்துவேன். செயின் கண்ணி அதுமேல ஏறும்போது ரெண்டு பேரும் உள்ளுக்குத் தள்ளுங்க. கைய மட்டும் உள்ள விட்றாதீங்க."

ஏறி உட்கார்ந்து லீவரை இம்மி இம்மியாக விட்டாள். நாங்கள் தள்ளினோம். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை கண்ணி கண்ணியாக ஏறி உட்கார்ந்தது. கிரீஸ் அடித்து இறுக்கினோம். நிலத்துக்காரர் சட்டையெல்லாம் கரி. அவரே போய் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். முதல் இளநீரை ஸ்டெல்லாவிடம் நீட்டி, "அந்தத் தெக்கால மூலையும் இன்னைக்கே ஆயிருமாம்மா?" என்று கேட்டார்.

"இருட்டுறதுக்குள்ள ஆகுற வரைக்கும் ஆகும். மிச்சம் நாளைக்கு" என்றாள். அவசரப்படவில்லை.

இப்போது அவளுக்கு வேலை வந்துகொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் நிற்கிறது, கோடையில் ஓடுகிறது. ராஜேந்திரன் போன மாதம் சீட்டுக்கு மேலே கூரை அடித்துக் கொடுத்தார். உன் மகள் அம்மா வண்டி ஓட்டுவதை வீடியோ எடுத்துக் கல்லூரித் தோழிகளுக்கு அனுப்புகிறாள். ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டு, சட்டை அழுக்காயிருக்கிறது என்று மட்டும் சொன்னாளாம்.

வண்டி அவளுடையது, காடும் அவளுடையது. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரு கேள்வி மட்டும்தான். முன்பெல்லாம் யாராவது பாகம் கேட்டுக் கடைக்கு வந்தால், என்ன வண்டி, என்ன மாடல் என்று கேட்பேன். எடுத்துக் கொடுத்துவிடுவேன். உனக்குப் பிறகு, "யாரு ஓட்டுறது?" என்று முதலில் கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. யார் ஓட்டினால் உங்களுக்கென்ன என்கிறார்கள். சிலர் யோசித்துவிட்டு, அப்பா ஓட்டுகிறார், முட்டியில் பலமில்லை என்கிறார்கள். தோள் இறங்கிப்போன தம்பி என்கிறார்கள். வீட்டுக்காரர் வெளியூரில் இருப்பதால் நான்தான் என்று ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நான் அலமாரிப் பக்கம் திரும்புவதில்லை.

அக்கா